கணவருக்கு ஜேர்மன் மொழிச் சோதனை தேவையா? பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஜேர்மனிக்குக் குடிபெயரும் குடும்பத்துக்கு

வாசகியின் கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். 2016இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 2018இல் யாழ்ப்பாணத்தில் திருமணம் செய்தேன். கணவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் பிரான்ஸின் பத்தாண்டு வதிவிட அட்டையும் இருக்கின்றன. ஆறு வயது மகன் பிரெஞ்சுக் குடிமகன். இப்போது ஜேர்மனியில், கொல்ன் நகரில் எனக்குக் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். கணவர் ஜேர்மன் மொழிச் சோதனையில் சித்தியடைந்து விசா எடுத்த பிறகுதான் வரலாம் என்று அங்குள்ள உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா? அவர் வந்தவுடன் வேலை செய்யலாமா? யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கும் மாமியை, அதாவது கணவரின் தாயைக் கூப்பிட முடியுமா? கணவரின் தம்பியும் அதே பத்தாண்டு அட்டையோடு பாரிஸில் இருக்கிறார், அவரும் வரலாமா? எனக்கு வேலை போய்விட்டால் என்ன ஆகும்? இவ்வளவு சிக்கல் என்றால் பேசாமல் லண்டனுக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர்.

பதில்:

சகோதரி, உங்கள் கணவருக்கு மொழிச் சோதனை தேவையில்லை. உறவினர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள், ஆனால் அது வேறு சட்டம். ஜேர்மனியில் வாழும் ஜேர்மன் குடிமகன் ஒருவர் இலங்கையிலிருந்து மனைவியை அழைத்தால், ஜேர்மனியின் உள்நாட்டு வதிவிடச் சட்டம் பொருந்தும். அதில் பொதுவாக ஏ1 எனப்படும் ஆரம்ப நிலை மொழிச் சான்றிதழ் கேட்கப்படும். பிரெஞ்சுக் குடிமகளான நீங்கள் ஜேர்மனிக்குப் போய் வேலை செய்யும்போது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், அதாவது 2004ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கப் பணிப்புரை. அதில் மொழிச் சோதனை என்ற நிபந்தனையே இல்லை. சொந்த நாட்டில் இருக்கும் ஜேர்மன் குடிமகனைவிட அங்கே வந்து சேரும் பிரெஞ்சுக் குடிமகளுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமை அதிகம் என்பது பலருக்கு நம்ப முடியாமல் இருக்கும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இந்த உரிமை ஒரு குடிமகன் தன் நாட்டை விட்டு வேறோர் உறுப்பு நாட்டில் வாழப் போகும்போதுதான் செயல்படத் தொடங்குகிறது. நீங்கள் பிரான்ஸிலேயே இருக்கும்வரை அது உங்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் 2018இல் உங்கள் கணவர் பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டப்படி விசா எடுத்து வர வேண்டியிருந்தது.

குடியுரிமையைப் பின்னாளில் பெற்றவர் என்பதால் உங்கள் உரிமை குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஓர் உறுப்பு நாடு வழங்கிய குடியுரிமையை இன்னொரு உறுப்பு நாடு கேள்வி கேட்க முடியாது என்று லக்சம்பேர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றம் 1992இல், மிக்கெலெத்தி வழக்கிலேயே தீர்த்துவிட்டது.

ஒன்றை மட்டும் மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்குத் தனக்கென உரிமை இருக்கிறது. கணவருக்கும் மாமிக்கும் அப்படி இல்லை. அவர்களுடைய உரிமை உங்களிடமிருந்து கிளைப்பது. நீங்கள் ஜேர்மனியில் உண்மையாகவே வேலை செய்கிறீர்கள் என்பதுதான் அத்தனைக்கும் அடித்தளம். ஆகவே கணவர் முன்னால் போய் வீடு பார்த்துக் குடியேறி, நீங்கள் ஆறு மாதம் கழித்துப் போவது என்று திட்டமிடாதீர்கள். இருவரும் ஒன்றாகப் போகலாம். அல்லது நீங்கள் போய், அவர் பின்னால் வரலாம்.

புறப்படும் முன் பிரான்ஸிலேயே முடிக்க வேண்டிய காகித வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத் திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கும், இல்லையென்றால் கணவருக்கு அந்த விசா கிடைத்திருக்காது. வெளிநாட்டில் நடந்த திருமணங்களின் பதிவுகள் நான்த் நகரிலுள்ள மத்திய குடிசார் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து திருமணப் பதிவின் பன்மொழிச் சுருக்கப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. 2019 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள ஒன்றிய ஒழுங்குவிதியின்படி, ஓர் உறுப்பு நாடு வழங்கும் பிறப்பு, திருமணப் பத்திரங்களுக்கு இன்னோர் உறுப்பு நாட்டில், பத்திரம் உண்மையானது என்று உறுதிப்படுத்தும் அப்போஸ்டில் முத்திரை கேட்கக் கூடாது. பன்மொழிப் படிவம் இருந்தால் பொதுவாக மொழிபெயர்ப்பும் தேவைப்படாது. இலங்கைத் திருமணச் சான்றிதழை நேரடியாக நீட்டினால் இந்தச் சலுகை இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, உறுதிப்படுத்தல் என்று மாதக்கணக்கில் இழுபடும். மகனின் பிறப்புப் பதிவுக்கும் அதே வகைப் பிரதியை, அவர் பிறந்த ஊர் நகரசபையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மவர்களின் விண்ணப்பங்கள் தடக்குப்படும் இடம் பெரும்பாலும் இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். பிரெஞ்சுப் பதிவில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். ஓரிடத்தில் ‘த’வுக்கு ஓர் ஆங்கில எழுத்தும் மற்றோரிடத்தில் இரண்டும் இருக்கும். இப்படி வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையவையே என்ற உறுதிக் கடிதத்தைப் பாரிஸிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் இப்போதே கேளுங்கள். கணவரின் கடவுச்சீட்டு விரைவில் காலாவதியாகும் என்றால் அதையும் புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

பயணத்துக்கு விசா தேவையில்லை. கணவரிடமுள்ள பிரெஞ்சு அட்டை ஷெங்கன் வதிவிட அனுமதி என்பதால், கடவுச்சீட்டோடு சேர்த்து அதைக் காட்டி ஜேர்மனிக்குள் வரலாம்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் மூவரும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிப்பத்திரம் அவசியம், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அந்தப் பத்திரத்தில் மூன்று பெயரும் இருக்கட்டும், தபால் பெட்டியிலும் கணவரின் பெயரை ஒட்டிவிடுங்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு முகவரியில் பதிந்திருந்தால், திருமணம் பெயரளவில் செய்ததோ என்ற சந்தேகம் கிளம்ப அதுவே போதும். உங்களுக்கும் மகனுக்கும் வேலை அத்தோடு முடிந்தது. ஒன்றியக் குடிமக்களுக்குத் தனிச் சான்றிதழ் கொடுக்கும் முறையை ஜேர்மனி 2013இலேயே நீக்கிவிட்டது.

கணவர் மட்டும் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் அவரது விவரங்களை அங்கே கொடுத்துவிடுவது நல்லது. கேட்க வேண்டிய அட்டையின் பெயர் ஆவுஃப்எந்தால்ட்ஸ்கார்ட்ட. இதைப் போலவே ஒலிக்கும் ஆவுஃப்எந்தால்ட்ஸ்எர்லவுப்னிஸ் என்பது வேறு பொருள். அது உள்நாட்டுச் சட்டப்படி தரும் அனுமதி, அதற்குத்தான் மொழிச் சோதனையும் கூடுதல் கட்டணமும். பல நகரங்களின் இணையப் படிவத்தில் ‘குடும்ப இணைவு’ என்ற பெட்டி முதலில் கண்ணில் படும். அதை அழுத்தினால் பிழையான வரிசையில் போய்ச் சேருவீர்கள். ‘ஒன்றியக் குடிமக்களின் குடும்ப உறுப்பினர்’ என்ற பகுதியைத் தேடுங்கள். மின்னஞ்சலில் எழுதுவதானால் முதல் வரியிலேயே, அந்தப் பணிப்புரையை ஜேர்மனியில் நடைமுறைப்படுத்தும் சுதந்திர நடமாட்டச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் அட்டை கேட்பதாகக் குறிப்பிடுங்கள்.

அவர்கள் கேட்கக்கூடியவை மிகக் குறைவு: கணவரின் கடவுச்சீட்டு, திருமணப் பதிவின் பிரதி, உங்கள் முகவரிப் பதிவு, நீங்கள் வேலை செய்வதற்கான அத்தாட்சி, புகைப்படம். உங்கள் சம்பளம் குடும்பத்துக்குப் போதுமா, வீடு எத்தனை சதுர மீற்றர் என்ற கேள்விகளுக்கு இதில் இடமில்லை. போதிய வருமானம், மருத்துவக் காப்புறுதி ஆகிய நிபந்தனைகள் வேலை செய்யாமல் வந்து தங்குவோருக்கும் மாணவர்களுக்கும் உரியவை. வேலை செய்பவருக்கு அவை கிடையாது. கட்டணமும் அந்நாட்டுக் குடிமக்கள் தங்கள் அடையாள அட்டைக்குக் கட்டுவதைவிட அதிகமாக இருக்கக் கூடாது.

சந்திப்பு நேரம் கிடைக்கவே பெரிய நகரங்களில் வாரங்கள் ஓடிவிடும். அட்டையை ஆறு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் விவரங்களைக் கொடுத்துவிட்டார் என்ற சான்றை உடனடியாகத் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இந்தச் சான்றை விடாமல் கேட்டு வாங்குங்கள். உங்கள் கணவருக்கு வேலை செய்யும் உரிமை உங்களோடு வந்து சேர்ந்த நாளிலிருந்தே இருக்கிறது. அட்டை அந்த உரிமையைக் காட்டும் பத்திரம் மட்டுமே, அட்டை வந்த பிறகு பிறக்கும் உரிமை அல்ல. ஆனால் வேலை கொடுப்பவருக்கு இது தெரியாது. கையில் ஒரு காகிதமும் இல்லாமல் போனால், அபராதத்துக்குப் பயந்து அனுப்பிவிடுவார். அந்தச் சான்றோடு, பணிப்புரையின் 23ஆம் பிரிவையும் அச்சிட்டுக் கொண்டு போனால் பேச்சு சுலபமாகும்.

அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். 2004/38 பணிப்புரையின் 10ஆம் பிரிவு என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். இந்தக் குறிப்புள்ள அட்டை இருந்தால், உங்களோடு அயர்லாந்துக்குப் போனாலும் கணவருக்கு விசா தேவைப்படாது. பொதுவாக ஐந்து ஆண்டு செல்லுபடியாகும்.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்வி, வேலை போனால் என்ன ஆகும் என்பது. தகுதிகாண் காலத்தில் நிறுவனம் உங்களை நிறுத்தினால் ‘தொழிலாளி’ என்ற நிலை அன்றே அழிந்துவிடாது. ஓராண்டுக்குக் குறைவாக வேலை செய்து, உங்கள் விருப்பமின்றி வேலை போய், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் அந்த நிலை இன்னும் ஆறு மாதம் நீடிக்கும். ஓராண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால் அந்த ஆறு மாத எல்லையும் இல்லை. இதில் ‘விருப்பமின்றி’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். “நீங்களாகவே விலகியதாக எழுதித் தாருங்கள், நல்ல நற்சான்றிதழ் தருகிறோம்” என்று நிறுவனம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இருதரப்பும் இணங்கி ஒப்பந்தத்தை முடிக்கிறோம் என்ற தாளிலும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். அந்த ஒரு கையெழுத்தால் வேலையற்றோர் உதவித்தொகை நிறுத்தப்படலாம், உங்கள் நிலையும் கேள்விக்குள்ளாகலாம். வேலை முடியப்போகிறது என்று தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். பிரான்ஸில் வேலை செய்த மாதங்களும் அந்த உதவித்தொகைக்கான கணக்கில் சேரும். அதற்கான யூ1 படிவத்தை பிரான்ஸின் வேலைவாய்ப்பு நிறுவனமான பிரான்ஸ் திரவாயிடமிருந்து பெற்று வைத்திருங்கள். முழுநேர வேலைதான் செல்லும் என்றும் இல்லை. உண்மையான, பயனுள்ள வேலையாக இருந்தால் பகுதிநேர வேலையும் போதும் என்பது 1982இல் வந்த லெவின் வழக்குத் தீர்ப்பு.

மாமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பெற்றோர் மட்டுமல்ல, கணவரின் பெற்றோரும் இந்தப் பணிப்புரையின்படி குடும்ப உறுப்பினர்களே. ஒரே நிபந்தனை, அவர் உங்கள் இருவரில் ஒருவரின் ஆதரவில் வாழ்பவராக இருக்க வேண்டும். ஆதரவு என்றால் பாசம் அல்ல. அன்றாட அடிப்படைத் தேவைகளை உங்கள் பணம் இல்லாமல் அவரால் நிறைவேற்ற முடியாத நிலை. அந்த நிலை விண்ணப்பிக்கும் நேரத்தில், அவர் இப்போது வாழும் நாட்டிலேயே இருக்க வேண்டும். ஜேர்மனிக்கு வந்தபின் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதி மட்டும் போதாது என்று 2007இல், ஜியா வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நேரம், அவர் ஏன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை என்ற காரணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று 2014இல், ரெயெஸ் வழக்கில் சொன்னது.

ஆக, உங்களுக்கு வேண்டியது பணம் அனுப்பிய தடயம். இங்கேதான் நம் குடும்பங்கள் தோற்கின்றன. வருடக்கணக்காக மாதம் தவறாமல் அனுப்பியிருப்பார்கள், ஆனால் எல்லாம் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறும் முறையில் போயிருக்கும். உண்டியலுக்கு ரசீது இல்லை, ரசீது இல்லாத உதவியை அதிகாரியால் எடைபோட முடியாது. இன்றே தொடங்குங்கள். வங்கி மூலமாக, கணவர் அல்லது உங்கள் பெயரிலிருந்து நேரே மாமியின் கணக்குக்கு, மாதாமாதம் அனுப்புங்கள். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் பெருந்தொகை ஒன்றை அனுப்புவதைவிட, ஓராண்டு ஒழுங்காகப் போன சிறு தொகைகள் பலமான சாட்சி. அதோடு மாமியின் வங்கிக் கூற்று, ஓய்வூதியம் இருந்தால் அதன் விவரம், மருந்துச் செலவு ரசீதுகள், யாரோடு வாழ்கிறார், வேறு வருமானம் உண்டா என்று கிராம சேவகர் தரும் கடிதம் ஆகியவற்றைச் சேருங்கள். காணி இருந்தால் மறைக்க வேண்டாம். அதிலிருந்து வருமானம் வருவதில்லை என்பதைக் காட்டினால் போதும்.

ஒழுங்கு முக்கியம். நீங்கள் கொல்னில் குடியேறி வேலை தொடங்கிய பிறகே மாமி கொழும்பிலுள்ள ஜேர்மன் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த விசாவுக்குக் கட்டணம் இல்லை, துரித நடைமுறையில் தர வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளை ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினர் நிரப்பத் தேவையில்லை. செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கும் உறுதிப்பத்திரமும் கேட்கக் கூடாது. ஆனால் மாமியின் மருத்துவக் காப்புறுதியை முன்கூட்டியே யோசியுங்கள். உங்கள் காப்புறுதியில் கணவரையும் பிள்ளையையும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்க்கலாம், கணவரின் வருமானம் ஒரு சிறு வரம்புக்குள் இருக்கும்வரை. பெற்றோரை அப்படிச் சேர்க்க முடியாது. முதியவருக்குத் தனியாகக் காப்புறுதி எடுப்பது ஜேர்மனியில் மிகுந்த செலவு. என் அபிப்பிராயத்தில், இந்தத் தொகையைக் கேட்டறியாமல் மாமியின் விமான டிக்கெட்டைப் போடக் கூடாது.

கணவரின் தம்பி விடயத்தில் பதில் கசப்பானது. சொந்தச் சம்பளத்தில் தனியே வாழும் சகோதரர் உங்கள் குடும்ப உறுப்பினராகக் கணிக்கப்படமாட்டார். பிரெஞ்சுப் பத்தாண்டு அட்டை பிரான்ஸில் வாழத்தான் அனுமதி. ஜேர்மனியில் 180 நாளில் 90 நாள் தங்கலாம், வேலை செய்ய முடியாது. ஆனால் அவரது அட்டையில் வகை எழுதிய வரியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பத்தாண்டு அட்டைகளில் இரண்டு வகை உண்டு. ‘நீண்டகால வதிவாளர், ஐரோப்பிய ஒன்றியம்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தால், அவர் அதை வைத்து ஜேர்மனியில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை ஒப்பந்தமும் ஜேர்மன் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஒப்புதலும் தேவைப்படும். சாதாரண அட்டை என்றால், தகுதி இருக்கும்போது அதை நீண்டகால வதிவாளர் அட்டையாக மாற்றக் கேட்பது நல்லது.

லண்டன் யோசனையைக் கைவிடுங்கள். பிரெஞ்சு, டச்சு, ஜேர்மன் குடியுரிமையோடு நம்மவர் பலர் அங்கே போய்க் குடியேறியது பழைய சட்டத்தில். பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து விலகியதால் 2020 டிசம்பர் 31உடன் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இன்று பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு சுற்றிப் பார்க்கப் போகலாம், வேலைக்கு விசா வேண்டும். சுவிட்சர்லாந்துக்கோ ஒன்றியத்தோடு சுதந்திர நடமாட்டத்துக்கான தனி உடன்படிக்கை இருக்கிறது, 2002 முதல்.

கொல்னுக்குப் போனபின் மறக்கக் கூடாத சில. பிரான்ஸின் குடும்ப உதவி நிதியத்துக்கு, அதாவது காஃபுக்கு, இடம் மாறியதை உடனே அறிவியுங்கள். அறிவிக்காமல் வாங்கிய தொகையை அவர்கள் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். மகனுக்கான ஜேர்மன் பிள்ளைப் பணத்துக்கு அங்கே விண்ணப்பியுங்கள், 2025இல் அது மாதம் 255 யூரோவாக இருந்தது. பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பதியுங்கள். திருமணத்தின் மூலம் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும்போது, வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் நீங்கள் அதில் பதிந்திருந்தீர்களா என்று பார்ப்பார்கள். அவருடைய பிரெஞ்சு அட்டை, பிரான்ஸை விட்டு நீண்டகாலம் வெளியே இருந்தால் செல்லாமல் போகும். அதனால் கலங்க வேண்டாம். ஜேர்மனியில் உண்மையாகவே குடும்பமாக வாழ்ந்துவிட்டு நீங்கள் பிரான்ஸுக்குத் திரும்பினால், கணவர் அதே ஒன்றிய உரிமையோடு உங்களுடன் திரும்பலாம். 1992இல் வந்த சுரிந்தர் சிங் வழக்கு அதற்கு ஆதாரம்.

ஐந்து ஆண்டு தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்ததும் உங்கள் மூவருக்கும் நிரந்தர வதிவிட உரிமை வரும். அதன்பின் கணவரின் உரிமை உங்கள் வேலையில் தொங்காது. அதுவரை ஒவ்வோர் ஆண்டிலும் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் ஜேர்மனிக்கு வெளியே நிற்காதீர்கள். ஊருக்குப் போய் நீண்டநாள் தங்குவோர் இதில்தான் அகப்படுகிறார்கள். உங்கள் சம்பளத்துண்டுகள் அனைத்தையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் வையுங்கள், ஐந்து ஆண்டு கழித்து அவற்றைத்தான் கேட்பார்கள்.

எங்காவது ஓர் அதிகாரி மொழிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்கமாட்டேன் என்றால், வாக்குவாதம் வேண்டாம். மறுப்பை எழுத்தில் காரணத்தோடு தரும்படி கேளுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து முறையிடுவது கடினம். எழுத்து மறுப்பில் மேன்முறையீட்டுக்கான காலக்கெடுவும் எழுதியிருக்கும், அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். கூடவே சொல்விட் என்ற இலவசச் சேவைக்கு இணையத்தில் முறையிடுங்கள். ஒன்றிய உரிமையை ஓர் அலுவலகம் பிழையாகக் கையாளும்போது உறுப்பு நாடுகளின் அதிகாரிகளே தங்களுக்குள் பேசித் தீர்ப்பதற்கான ஏற்பாடு அது. பத்து வாரத்தில் முடிப்பது அவர்களின் இலக்கு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அவர்கள் எடுக்கமாட்டார்கள், முறையீட்டுக் காலக்கெடுவையும் அது நிறுத்தி வைக்காது. ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.